எரிச்சலும் அலுப்பும்: சிறு குழந்தை வளர்ப்பைச் சுற்றிய ஒரு பழைய கேள்வி

சிறு குழந்தையை வளர்ப்பவரின் களைப்பைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் போதாது. இரவில் நாலு முறை எழுந்த உடம்புக்கு வருவது அலுப்பு. அதே பருப்புச் சோற்றை அதே காக்காய்க் கதை சொல்லி மூன்று வேளையும் ஊட்டுவதில் வருவது சலிப்பு. செருப்பு மாட்ட மாட்டேன் என்று வாசலில் புரளும் மூன்று வயதுப் பிள்ளையின் முன் மேலே கிளம்புவது எரிச்சல். கத்தித் தீர்த்த பிறகு, தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது வருவது இன்னொன்று. பேச்சுத் தமிழ் இப்படிப் பிரித்து வைத்திருப்பதை ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றாகவே கலந்து பேசியிருக்கின்றன. இந்தத் துறையின் பல முரண்பாடுகள் அந்தக் கலப்பிலிருந்து வருகின்றன என்று சொல்ல இடமுண்டு.

உயிரையே வைத்திருக்கும் பிள்ளைமேல் ஒருவருக்கு இவ்வளவு எரிச்சல் எப்படி வருகிறது? இந்தக் கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் குணக்குறை, மனித மனத்தின் இயல்பு, பங்கிடப்படாத உழைப்பு, தூக்கம் கெட்ட உடம்பு, நோயை ஒட்டிய ஒரு நிலை, போதாத கைகள் என்று வெவ்வேறு பதில்கள் வந்துள்ளன. பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான காலத்தை மையமாக வைத்து, அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

குணக்குறை என்ற பதில்

எழுத்து மரபில் பெற்றோரின் அலுப்புக்கு நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் பிள்ளையால் வரும் இன்பத்தையும் பெருமையையும் பேசுகிறது. பிள்ளைத்தமிழ் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகிறது. அந்தப் பத்துப் பருவங்களிலும் குழந்தை வளர்கிறது, யாரும் களைப்பதில்லை. எழுதப்படாத தாலாட்டோ வேறு உலகம். நாட்டுப்புறத் தாலாட்டுகளில் குழந்தையின் அழகோடு புகுந்த வீட்டின் கொடுமையும், வறுமையும், வேலைச் சுமையும் கலந்து வருவதை நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் பலர் கவனித்திருக்கிறார்கள். சொன்னால் புரிந்துகொள்ளாத ஒருவரிடம் மட்டுமே சொல்ல முடிந்த குறைகள் அவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தை வளர்ப்பு மருத்துவர்களின் பொறுப்புக்குள் வந்தது. நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், குறித்த நேரத்தில் தூக்கம், தேவையில்லாமல் தூக்காமை என்ற ஒழுங்கைப் பரப்பினார். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட நூலில், குழந்தையைக் கட்டிப்பிடிப்பதையும் முத்தமிடுவதையும் தவிர்த்துக் காலையில் கைகுலுக்கலாம் என்ற அளவுக்குப் போனார். வீட்டில் அமைதி இல்லையென்றால் ஒழுங்கு தளர்ந்திருக்கிறது, அதைத் தளர்த்தியவர் தாய் என்பதே இந்த அணுகுமுறையின் உட்கிடை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறியது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, தாயோடு இடையறாத நெருக்கமான உறவு குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படை என்றது. கைகுலுக்கச் சொன்ன அறிவுரை போய், எப்போதும் அருகில் இருக்கச் சொல்லும் அறிவுரை வந்தது. இரண்டுமே தாயிடம்தான் கணக்குக் கேட்டன. பௌல்பி அதே அறிக்கையில், பெற்றோரைத் தாங்கும் கடமை சமுதாயத்துக்கு உண்டு என்றும் வலியுறுத்தியிருந்தார். அவரை எளிமைப்படுத்திப் பரப்பியவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டது பெரிய இழப்பு.

குணக்குறை விளக்கத்தின் பலவீனம் வெளிப்படையானது. ஒரே தாய் திங்கட்கிழமை பொறுமையாகவும் வியாழக்கிழமை வெடிப்பவராகவும் இருக்கிறார். குணம் மூன்று நாளில் மாறுவதில்லை. ஆனாலும் இந்தப் பதில் மறையவில்லை. ஆய்வேடுகளை விட்டு வெளியேறி, "எங்க காலத்துல நாலு பிள்ளை வளர்த்தோம்" என்ற பேச்சில் அது இன்னும் குடியிருக்கிறது.

அன்பும் வெறுப்பும் ஒரே மடியில்

பிரிட்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், 1949இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அன்றைக்குத் துணிச்சலான ஒன்றைச் சொன்னார். குழந்தை தாயை வெறுக்கத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தாய்க்குக் குழந்தைமேல் வெறுப்பு இருக்கிறது. அதற்கான காரணங்களை அவர் வரிசையாக அடுக்கவும் செய்தார். பிரசவத்தில் உடம்புக்கு ஆபத்து, பால் குடிக்கையில் வலி, காலையெல்லாம் பாடாய்ப் படுத்திவிட்டு வெளியே போனதும் யாரையோ பார்த்துச் சிரிக்கும் குழந்தை. இந்த வெறுப்பை உணர்ந்தும் அதன்படி நடக்காமல் தாங்கிக்கொள்வதே தாய்மையின் ஆற்றல் என்பது அவர் முடிவு. "போதுமான அளவு நல்ல தாய்" என்று பின்னர் அவர் சொன்னதும் இதே வழியில் வந்தது.

ரோஸிகா பார்க்கர் 1995இல் இந்தக் கருத்தைத் தாயின் பக்கத்திலிருந்து விரித்தார். அன்பும் வெறுப்பும் கலந்திருப்பது சிக்கலில்லை. அந்தக் கலப்பைத் தாங்க முடிகிறதா, தாங்க முடியாமல் குற்றவுணர்வு அமுக்குகிறதா என்பதே வேறுபாடு. தாங்க முடிந்த இருமனநிலை, பிள்ளையைப் பற்றி யோசிக்கத் தாயைத் தூண்டவும் செய்யும் என்றார்.

இந்த மரபு வாசகருக்குத் தரும் ஆறுதல் பெரிது. விளக்கமாக அதற்கு எல்லை உண்டு. சான்றுகள் மருத்துவ அறைக்கு வந்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. அளக்கவோ ஒப்பிடவோ வழியில்லை. எல்லாமே தாயின் மனத்துக்குள் நடக்கிறது, தந்தை அறையிலேயே இல்லை. எரிச்சல் எல்லோருக்கும் வரும் என்று சொல்ல இதனால் முடிகிறது. ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் வருவது ஏன் என்று சொல்ல முடிவதில்லை.

பெற்றோராவது நெருக்கடியா?

சமூகவியலாளர் லெமாஸ்டர்ஸ் 1957இல் 46 அமெரிக்கத் தம்பதிகளைப் பேட்டி கண்டார். அவர்களில் 38 தம்பதிகள் முதல் குழந்தையின் வருகையைக் கடுமையான நெருக்கடியாகவே விவரித்தனர். திட்டமிட்டு, ஆசைப்பட்டுப் பெற்றவர்களும் அதில் இருந்தனர். 1965இல் டேனியல் ஹாப்ஸ் வேறு முறையில் அளந்தபோது நெருக்கடி மிகக் குறைவாகவே தெரிந்தது. இந்த இழுபறியை ஆலிஸ் ராஸி 1968இல் வேறு பக்கம் திருப்பினார். பெற்றோர் என்ற நிலை பயிற்சி இல்லாமல், ஒரே நாளில், திரும்பிப் போக வழியில்லாமல் வந்துவிடுகிறது. ஆகவே அதை நெருக்கடி என்பதைவிட மாற்றம் என்பதே பொருத்தம் என்றார்.

அளவீட்டுச் சிக்கல் பின்னும் தொடர்ந்தது. டேனியல் கானமன் குழு 2004இல் டெக்சஸ் மாநிலத்தின் 909 வேலைபார்க்கும் பெண்களிடம் முந்தைய நாளை மணிக்கணக்காகப் பிரித்து மதிப்பிடச் சொன்னது. குழந்தையைக் கவனிக்கும் நேரம் இன்பத்தில் பட்டியலின் கீழ்ப்பகுதிக்குப் போனது. 2009இல் மேத்யூ ஒயிட்டும் பால் டோலனும் இன்பத்தோடு பயனையும் சேர்த்துக் கேட்டார்கள். பிள்ளையோடு கழியும் நேரம் இன்பத்தில் தாழ்ந்தும் பயனில் உயர்ந்தும் நின்றது. சலிப்பான ஒரு மணி நேரத்தை அர்த்தமுள்ளதாகவும் ஒருவர் உணரலாம். கேள்வி எதைக் கேட்கிறதோ அதையே பதில் திருப்பித் தருகிறது.

பங்கிடப்படாத உழைப்பு

1970களில் பெண்ணிய எழுத்து இந்தக் கேள்வியை மனத்திலிருந்து வீட்டுக்கும் சட்டத்துக்கும் நகர்த்தியது. கவிஞர் ஏட்ரியன் ரிச் 1976இல் வெளியிட்ட நூலில் தாய்மை என்ற அனுபவத்தையும் தாய்மை என்ற நிறுவனத்தையும் பிரித்துக் காட்டினார். பிள்ளைகள்மேல் தனக்கு வந்த ஆத்திரம் முதலாவதிலிருந்து வந்ததல்ல, இரண்டாவதிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். ஆர்லி ஹாக்சைல்ட் 1989இல், அலுவலகம் முடிந்து வீட்டில் தொடங்கும் பெண்களின் "இரண்டாவது ஷிப்ட்" பற்றி எழுதினார். ஷாரன் ஹேய்ஸ் 1996இல், நிபுணர் சொல் கேட்டு, பணமும் நேரமும் உணர்வும் முழுவதையும் கொட்டி வளர்க்கும் "தீவிரத் தாய்மை" அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் இலட்சியமாகிவிட்டதைக் காட்டினார். பெண்கள் வெளிவேலைக்கு அதிகம் போன அதே காலத்தில் வீட்டின் எதிர்பார்ப்பும் ஏறியது என்பது அவர் சுட்டிய முரண்.

இந்தியாவில் இதற்கு எண்கள் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார், ஆண் 97 நிமிடம். வீட்டு உறுப்பினர்களைப் பராமரிப்பதில் ஈடுபட்டவர்களிடையே பெண் 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். பிள்ளை இடுப்பில் இருக்கும்போதே இட்லிக்கு ஊற்றுவது போன்ற, ஒன்றோடொன்று கலந்த வேலைகளை இத்தகைய கணக்கெடுப்பால் முழுதாகப் பிடிப்பது கடினம். ஆகவே உண்மைச் சுமை இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு.

சட்டம் இருக்கிறது, எட்டும் தூரம் குறைவு. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. சித்தாள் வேலைக்கும், களையெடுப்புக்கும், வீட்டுவேலைக்கும் போகும் பெரும்பான்மைப் பெண்கள் இதற்கு வெளியே நிற்கிறார்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் சத்துணவையும் முன்பருவக் கல்வியையும் கொடுக்கின்றன. ஆனால் கைக்குழந்தையை நாள் முழுதும் பார்த்துக்கொள்ள அவை வடிவமைக்கப்படவில்லை. பெற்றோர் மிகக் களைக்கும் வயது எதுவோ, அந்த வயதில்தான் பொது ஏற்பாடு மிக மெலிந்திருக்கிறது.

உழைப்பு விளக்கம் வலுவானது, முழுமையானதல்ல. வேலையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட வீடுகளிலும் எரிச்சல் இருக்கிறது. "அம்மாதான் வேணும்" என்று அழும் குழந்தையின் அழுகையை ஆயாவுக்கோ அப்பாவுக்கோ மாற்றிக் கொடுக்க முடிவதில்லை. மாற்ற முடியாத அந்தப் பங்கை நேரக் கணக்கு பிடிக்காது.

உடம்பும் தூக்கமும் அடமும்

2014இல் மிஹால் கானும் அவி சாதேவும் உடன் ஆய்வாளர்களும் இஸ்ரேலில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தவர்களை இரவில் நான்கு முறை தொலைபேசியில் எழுப்பி, ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் ஒரு வேலையைச் செய்யவைத்தனர். கைக்குழந்தை உள்ள வீட்டின் இரவை அப்படியே நகலெடுத்தது போன்ற ஏற்பாடு. காலையில் அவர்களின் மனநிலையும் கவனமும் நான்கு மணி நேரமே தூங்கியவர்களின் நிலையோடு ஏறக்குறைய ஒத்திருந்தன. "எட்டு மணி நேரம் படுத்துத்தானே இருந்தே" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது. அது ஒரே ஓர் இரவின் சோதனை. இருநூறு இரவுகளின் விளைவை யாரும் ஆய்வகத்தில் சோதிக்க முடியாது.

ஜெர்மனியில் பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் தாய்மார் முன்பைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரமும் தந்தையர் கால் மணி நேரமும் குறைவாகத் தூங்கினர். நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் இருவர் தூக்கமும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. குழந்தை இரவு முழுதும் தூங்கத் தொடங்கிய பின்னும் பெற்றோர் தூக்கம் ஏன் மீளவில்லை என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

குழந்தையின் பக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962இலேயே, நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பின் தணிவதைப் பதிவுசெய்தார். யார் வளர்ப்பின் தவறும் அல்லாத அழுகை அது. அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, பத்தில் ஒரு குழந்தை இயல்பிலேயே சமாளிக்கக் கடினமானது என்று வகைப்படுத்தியது. பெற்றோர் இயல்பும் பிள்ளை இயல்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே முக்கியம் என்றது.

சின்னச் சின்னத் தொல்லைகளின் பங்கை 1990இல் கீத் கிர்னிக்கும் மார்க் கிரீன்பெர்க்கும் தனியே பிரித்துப் பார்த்தனர். சிந்தியதைத் துடைப்பது, நச்சரிப்பு, கிளம்பும் நேரத்து இழுபறி, ஓயாத சண்டை. இவை சேர்ந்து தாயின் மனநிறைவைப் பாதிக்கும் அளவு, இடப்பெயர்ச்சி, வேலையிழப்பு போன்ற பெரிய நிகழ்வுகளின் பாதிப்பைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. பெரிய துன்பத்துக்கு ஊரே வந்து நிற்கும். சிந்திய பாலுக்கு யாரும் வருவதில்லை.

எரிச்சல் எப்படி நிலைபெறுகிறது என்பதற்கு ஒரெகனில் ஆய்வு செய்த ஜெரால்ட் பாட்டர்சன் 1982இல் கொடுத்த விளக்கம் இன்றும் செல்வாக்குள்ளது. பிள்ளை அடம்பிடிக்கிறது, பெற்றோர் அதட்டுகிறார், அடம் கூடுகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறது. இன்னொரு நாள் பெற்றோர் உச்சத்தில் கத்தப் பிள்ளை அடங்குகிறது. கத்தினால் நடக்கும் என்று பெற்றோரும் கற்கிறார். பெற்றோர் களைத்திருக்கும் நாளில்தான் விட்டுக்கொடுப்பதும் வெடிப்பதும் அதிகம் என்பதால், அலுப்பு எரிச்சலாக மாறும் வழியை இந்த விளக்கம் நன்றாகக் காட்டுகிறது. வன்முறைப் போக்குள்ள பையன்களின் குடும்பங்களைக் கவனித்து உருவான கோட்பாட்டைச் சாதாரண வீடுகளுக்கு எந்த அளவு நீட்டலாம் என்பது மட்டும் விவாதத்துக்குரியது.

எரிந்து தீர்ந்த நிலை

நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் "பர்ன்அவுட்" என்ற சொல்லைத் தொண்டூழியர்களின் களைப்புக்குப் பயன்படுத்தினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் கருவியை உருவாக்கினார். பெல்ஜியத்தின் லூவைன் பல்கலைக்கழகத்தில் இசபெல் ரொஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும் 2017 முதல் இதைப் பெற்றோருக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் கணக்கில் இதற்கு நான்கு கூறுகள் உண்டு: பெற்றோர் பொறுப்பிலேயே தீராத களைப்பு, முன்பு இருந்த பெற்றோராகத் தான் இப்போது இல்லை என்ற உணர்வு, பிள்ளையோடு இருப்பதில் இன்பம் வற்றுதல், மனத்தால் விலகுதல். வேலையில் இந்நிலைக்கு வருபவர் வேலையை விடலாம். பெற்றோருக்கு ராஜினாமா இல்லை. தப்பி ஓடும் எண்ணங்களும், பிள்ளையைக் கவனியாமல் விடுவதும், கைநீட்டுவதும் இந்நிலையோடு கூடி வருவதை அவர்கள் ஆய்வுகள் காட்டின. ஆகவே இதைப் பெரியவரின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

காரணத்துக்கு அவர்கள் கொடுப்பது ஒரு தராசு. ஒரு தட்டில் சுமைகள், மறு தட்டில் துணைகள். சுமை மட்டும் யாரையும் எரித்துவிடுவதில்லை, நெடுநாள் சமன் கெடுவதே எரிக்கிறது. எளிய உருவகம்தான். ஆனால் குணத்தையோ கணவரையோ தூக்கத்தையோ மட்டும் பிடித்துத் தொங்கிய முந்தைய விளக்கங்களை ஒன்றாக வைத்துப் பேச அது வழி செய்தது.

2021இல் வெளியான இவர்களின் பன்னாட்டு ஆய்வு 42 நாடுகளின் 17,409 பெற்றோரை உள்ளடக்கியது. பெல்ஜியம், அமெரிக்கா, போலந்து போன்ற நாடுகளில் அளவு உயர்ந்தும், ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் தாழ்ந்தும் இருந்தது. நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டோடு வருமானத்தைவிடத் தனிமனிதவாதப் பண்பாடே நெருங்கிப் பொருந்தியது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. ஜெனிஃபர் கிளாஸும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் 22 நாடுகளை ஒப்பிட்டு, பெற்றோருக்கும் குழந்தையில்லாதவர்களுக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளியை நாட்டின் விடுப்பு, காப்பகக் கொள்கைகள் பெருமளவு விளக்குகின்றன என்று கண்டார்கள். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது அமெரிக்காவில். அப்படியானால் விடுப்பும் காப்பகமும் நன்றாகவே உள்ள பெல்ஜியத்தில் ஏன் இத்தனை பேர் எரிந்து தீர்கிறார்கள்? பொதுவான மகிழ்ச்சியும் பிள்ளை வளர்ப்பில் வரும் களைப்பும் வேறு வேறு என்பது ஒரு பதில். நல்ல பெற்றோர் என்பதற்கான அளவுகோல் ஏறிக்கொண்டே போகும் இடத்தில் எந்த உதவியும் போதாமல் போகும் என்பது மற்றொன்று. பண்பாட்டு விளக்கத்தை ஏற்பதிலும் எச்சரிக்கை தேவை. "பிள்ளை அலுத்துப்போச்சு" என்று ஒரு வினாத்தாளில் ஒப்புக்கொள்வதே பழி என்று கருதப்படும் ஊரில், குறைந்த எண்ணிக்கை குறைந்த களைப்பைக் காட்டுகிறதா, அடக்கப்பட்ட வாயைக் காட்டுகிறதா என்று பிரிப்பது கடினம். மாதிரிகளில் பெரும்பாலும் படித்தவர்களும் தாய்மாரும் இருந்தனர், தானாக முன்வந்தவர்களே பதில் சொன்னார்கள் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சொல்லுக்கும் எதிர்ப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பதினோராம் பதிப்பு பர்ன்அவுட் என்பதைத் தொழில் சார்ந்த நிலைக்கு மட்டுமே ஒதுக்கி, வாழ்வின் பிற பகுதிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பிள்ளை வளர்ப்பு வேலையா இல்லையா என்ற பழைய வழக்கு இங்கே மருத்துவ மொழியில் மறுபடி எழுகிறது.

மனச்சோர்வின் நிழலில்

பர்ன்அவுட் என்பது மனச்சோர்வு நோய்தான், பெயர் மட்டும் வேறு என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் காக்ஸ், ஹோல்டன், சாகோவ்ஸ்கி ஆகியோர் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் பத்துக் கேள்விகள் சிரிப்பு, அழுகை, பயம், தூக்கம், தற்காயம் பற்றியெல்லாம் கேட்கின்றன. கோபம் பற்றி நேரடியாக ஒன்றுகூட இல்லை. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலும் எரிச்சல் என்பது குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வுக்குத்தான் முதன்மை அறிகுறி, பெரியவர்களுக்கு அல்ல. அழும் தாயைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு கத்தும் தாயைக் கவனிக்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அழுதால் நோயாளி, கத்தினால் கெட்டவர் என்ற பழைய பிரிவினை மருத்துவத்துக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

எத்தனை கைகள், யாருடைய கைகள்

மனிதக் குழந்தை ஒரு தாயால் மட்டும் வளர்க்கப்படுவதற்காக உருவானதல்ல என்பது மானிடவியலாளர் சாரா ஹர்டியின் வாதம். பாட்டி, அக்கா, தந்தை, அண்டை வீட்டார் சேர்ந்து வளர்ப்பதே மனித இனத்தின் தனித்தன்மை என்று 2009இல் வெளியான நூலில் விரிவாக எழுதினார். காங்கோ காடுகளின் எஃபே மக்களிடையே கைக்குழந்தை நாளெல்லாம் பல கைகளுக்கு மாறுவதும், மத்திய ஆப்பிரிக்காவின் அகா தந்தையர் குழந்தையைத் தூக்கிக்கொண்டே திரிவதும் இதற்குச் சான்றாகின. இந்தப் பார்வையில், மூடிய கதவுக்குப் பின்னே ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் பத்து மணி நேரம் இருப்பதுதான் விசித்திரம். எரிச்சல் அந்த விசித்திரத்தின் அறிகுறி. மறுதரப்பு, கலஹாரியின் குங் மக்களிடையே கைக்குழந்தையைப் பெரும்பாலும் தாயே சுமப்பதைக் காட்டுகிறது. ஒரே ஆதி முறை இருந்தது என்ற எண்ணத்தை அது தளர்த்துகிறது.

தமிழ்க் குடும்பம் இந்த விவாதத்துக்கு நேரடியாக உதவும் இடம். மார்கரெட் ட்ராவிக் 1970களில் தொடங்கித் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு பழகி எழுதிய நூல் 1990இல் வந்தது. அந்த வீட்டில் பிள்ளைகள் ஒரு தாய்க்கு மட்டும் உரியவர்களாக இல்லை. பெற்றவள் தன் பிள்ளையை வெளிப்படையாகக் கொஞ்சாமல் அடக்கிக்கொள்வதும், உடன் வாழும் மற்றப் பெண்கள் அதே பிள்ளையைக் கொஞ்சுவதும் அன்பின் முறையாகவே இருந்தன. அன்புக்குள் கடுமையும் இடம்பெற்றிருந்தது. எரிச்சலை அன்புக்கு எதிராக நிறுத்தும் மேலைநாட்டுக் கேள்வியே அங்கே வேறு வடிவம் எடுக்கிறது. ஒரு குடும்பத்தின் சித்திரத்தை ஒரு சமுதாயத்துக்கு விரிக்கக் கூடாது என்பதும் உண்மை.

கைகள் பல இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு வேலூர் மாவட்டக் கிராமப்புறத்திலிருந்து ஒரு முக்கியமான விடை உண்டு. சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்கு 6 முதல் 12 வாரங்களுக்குப் பின்னும் பார்த்தார்கள். 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு தொடர்புடையவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் சிக்கல், கர்ப்ப காலத் துயர நிகழ்வுகள், உடல் வேலைக்கு உதவி இல்லாமை. ஒரே பட்டியலில் உதவியில்லாமையும் மாமியாரும் சேர்ந்து நிற்பது கவனத்துக்குரியது. உதவி இல்லாதது சுமை. உதவும் இடத்தில் இருப்பவரோடு உறவு கெட்டிருப்பதும் சுமை. தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் முதல் சில மாதங்களுக்கு இந்தச் சிக்கலைத் தள்ளிப்போடுகிறது. திரும்பிவந்த பிறகு, பிள்ளை தவழத் தொடங்கும் மாதங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய ஆய்வு ஒப்பீட்டளவில் குறைவு.

ஆகவே தராசின் மறு தட்டில் கைகளை எண்ணி மட்டும் போட முடியாது. "குடுத்துட்டுப் போய் சித்த படு" என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கையும், "நீ தூக்குற லட்சணத்துலதான் அழுது" என்று வாங்கிக்கொள்ளும் கையும் கணக்கில் ஒன்று, உடம்புக்கு ஒன்றல்ல. இருக்கும் சான்றுகளில் மிகுந்த நம்பிக்கை தருவது சுமைக்கும் துணைக்கும் உள்ள விகிதத்தைப் பற்றிய விளக்கமே. ஆனால் துணையின் தரத்தை அளக்கும் கருவி அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

எது உதவியிருக்கிறது

பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஆதிஃப் ரஹ்மான் குழு, கிராமச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மாரை வீட்டுக்கே சென்று சந்திக்கவைத்தது. 2008இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களில் மனச்சோர்வு நீடித்தவர்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள் சந்தித்த பிரிவில் 23 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 53 விழுக்காடு. குடும்பத்தாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டது அந்த முறையின் ஒரு பகுதி. ஸ்வீடனில் 2012இல் செய்த சிறு விதிமாற்றம், குழந்தையின் முதலாண்டில் தாயோடு ஒரே நேரத்தில் தந்தையும் முப்பது நாள் வரை, வேண்டும்போது வேண்டிய நாளில், விடுப்பெடுக்க இடம் கொடுத்தது. பெட்ரா பெர்சனும் மாயா ராசின்-ஸ்லேட்டரும் அதை ஆராய்ந்தபோது, தாய்மார் பதற்றத்துக்கு மருந்து வாங்குவது குறைந்திருந்தது. நீண்ட விடுப்பைவிட, மோசமான அந்த ஒரு நாளில் ஆள் வீட்டில் இருப்பது பலன் தரக்கூடும் என்பதற்கு இது அரிய சான்று.

உடனடி அறிவுரைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏறக்குறைய எல்லாத் தரப்பும் உடன்படுகிறது. எரிச்சல் எல்லை மீறும்போது கைக்குழந்தையைத் தொட்டிலிலோ பாதுகாப்பான இடத்திலோ கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்பது தவறில்லை. கைக்குழந்தையைக் குலுக்குவது மூளையைச் சிதைக்கும், உயிரையும் எடுக்கும். அந்தச் சில நிமிட அழுகையால் தீங்கு வருவதில்லை.

திறந்திருப்பவை

அலுப்பும் எரிச்சலும் ஒன்றா என்ற அடிப்படைக் கேள்வியே தீரவில்லை. களைத்தவர் எல்லோரும் சீறுவதில்லை, சீறுபவர் எல்லோரும் களைத்தவர்களும் இல்லை. இரண்டையும் தனித்தனியே, ஒரே வீட்டில், பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வுகள் அரிது.

தந்தையரைப் பற்றிய அறிவு மெலிந்தது. சில ஆய்வுகளில் சுமை குறைந்திருந்தும் தந்தையர் விரைவில் எரிந்து தீர்வதாகத் தெரிகிறது. அவர்களுக்கு இந்தப் பொறுப்பை வெளியில் யாரிடமும் பேசிப் பழக்கமில்லாததா, ஆய்வுக்கு முன்வரும் தந்தையர் ஏற்கெனவே திணறுபவர்கள் என்பதா காரணம் என்று பிரித்தறியப்படவில்லை.

ஏழைப் பெற்றோர் இந்த இலக்கியத்தில் பெரும்பாலும் இல்லை. செங்கல் சூளையில் மரத்தில் தூளி கட்டிவிட்டு வேலை செய்பவரின் எரிச்சல், நகர அடுக்ககத்தில் தனியே இருப்பவரின் எரிச்சலோடு ஒரே அளவுகோலில் நிற்குமா? பிள்ளை வளர்ப்பின் களைப்பைப் பசியின் களைப்பிலிருந்தும் கூலிவேலையின் களைப்பிலிருந்தும் எப்படிப் பிரிப்பது? 42 நாடுகளை அளந்த வினாத்தாளும் இந்தக் கேள்விக்குத் தயாரிக்கப்பட்டதல்ல. பிள்ளை கருவிலிருக்கும்போதே தொடங்கி, தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கும், அங்கிருந்து அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் கூடவே போகும் நீண்ட ஆய்வு ஒன்று அமைந்தால்தான் இவற்றில் சிலவற்றுக்கேனும் விடை தேட முடியும்.